மூன்று சுற்று அப்பிரதட்சணம்

ஸ்கேட்டிங் அரங்கத்தில் மணி அடித்துவிட்டது. ஐஸை மெழுகும் வண்டியான ஸாம்போனி வரப்போகிறது, எல்லோரும் ஐஸை விட்டு இறங்குங்கள் என்று அர்த்தம். நான்கு வயதுக் குழந்தைகூட வாசலுக்கு வந்து சட்டென்று நின்று, காலைத் தூக்கி ரப்பர் தரையில் வைத்து இறங்கிப் போகிறது. நான் மட்டும் அந்த வாசலைக் கடந்து, கைகளை ஆட்டியபடி அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டியது விடைபெறுவதற்கு அல்ல, விழாமல் இருப்பதற்கு.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். வெளியே மைனஸ் பத்து, உள்ளே அரங்கத்திலும் குளிர், கையில் ஆறிப்போன காப்பி. எத்தனை நாள்தான் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது? நாற்பத்து மூன்று வயதில் ஒரு சனிக்கிழமை எனக்கும் வீரம் வந்தது. கோவில்பட்டியில் குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று கடைக்குப் போய் ஹாக்கி ஸ்கேட் வாங்கினேன். ஐஸில் நடனமாடுகிறவர்கள் போடும் பிகர் ஸ்கேட்டில் பிளேடின் முனையில் பல் வரிசை இருக்கும். அதைப் பிரேக் என்று நினைத்து, 'பிரேக் வைத்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பல் எம்பிக் குதிப்பதற்காம். பிரேக் இரண்டிலுமே கிடையாது.

வாங்கிய அன்றே ஐஸில் இறங்கினேன். நேராகப் போக நினைத்தால் கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் கொட்டிய தரையில் நிற்பது போல இருந்தது. என் உடம்பில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணைதான் ஸ்கேட்டைத் திருப்பிப் பிடித்து, பிளேடில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். "தம்பி, இதைத் தீட்டவே இல்லையே!" புது ஸ்கேட்டைச் சாணை பிடித்துத்தான் போட வேண்டுமாம். பிளேடின் அகலம் மூன்று மில்லிமீட்டர்தான். அதன் அடியில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் மாதிரி குடைந்து விடுகிறார்கள். அப்போது உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. ஐஸைப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான்.

சாணை பிடிக்கிறவர், "எவ்வளவு குழி வேண்டும்?" என்று கேட்டார். நன்றாகத் தீட்டினால் நல்லதுதானே என்று ஆழமாகவே போடச் சொன்னேன். குழி ஆழமானால் விளிம்பு ஐஸைக் கவ்விக்கொள்ளும், பக்கவாட்டில் வழுக்காது. ஆனால் நிறுத்துவதே பக்கவாட்டில் வழுக்கித்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆக, போவதற்குக் கற்றுக்கொண்டுவிட்டேன். நிற்பதற்கு என் வசம் மூன்று வழிகள் இருந்தன. சுற்றுச்சுவர்ப் பலகையில் போய் மோதுவது ஒன்று. முன்னால் போகும் அந்நியரின் ஜாக்கெட்டைப் பிடித்து 'சாரி' சொல்வது இன்னொன்று. மூன்றாவது, விழுவது. மூன்றாவதுதான் மிகவும் நம்பகமானது. திங்கட்கிழமைகளில் அலுவலக நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அதுவரை நல்லது.

மணி அடித்த கதைக்கு வருகிறேன். முதல் சுற்றில் வாசலில் குழந்தைகள் கூட்டம். பலகையில் மோதி நிற்பது என் வழக்கம் என்றாலும் பிள்ளைகள் மேல் மோத முடியுமா? விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்றில் கூட்டம் இல்லை, ஆனால் வாசல் வலப்பக்கம். எல்லோரும் இடஞ்சுழியாகவே சுற்றுவதால் எனக்கு இடப்பக்கம் மட்டும்தான் திரும்ப வரும். கோயில் பிரகாரத்தில் வலம் வந்து பழகியவனை அப்பிரதட்சணமாகச் சுற்ற விட்டதில் சாமிக்கே கோபம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் அரங்கமே காலி. 200 அடி நீளம், 85 அடி அகலம், நான் ஒருவன்.

காலை அசைக்காமல் இருந்தால் தானாக நின்றுவிடுமே என்பீர்கள். நின்றது. நட்டநடுவில்.

ஸாம்போனி ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் போட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிராங்க் ஸாம்போனி என்பவர் 1949-இல் கலிபோர்னியாவில் செய்த வண்டி அது, அவர் பெயரே வண்டிக்கும் நின்றுவிட்டது. கீறல் விழுந்த ஐஸின் மேல்தோலைச் சீவி எடுத்துக்கொண்டு, பின்னால் வெந்நீரை விட்டு மெழுகிக்கொண்டே போகும். நம் ஊரில் திண்ணை மெழுகுகிற அதே நிதானம். கடைசியில் அரங்க ஊழியரான ஒரு பையன் சறுக்கி வந்து, என் சட்டைக் கையைப் பிடித்து, தொழுவத்துக்கு மாட்டை ஓட்டிப்போவது மாதிரி கூட்டிப்போனான். பெஞ்சில் இருந்த மகள் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள். வெல்க்ரோ வைத்த பூட்ஸ் அது.

அடுத்த வாரம் அவளே என்னைப் பலகை ஓரம் நிறுத்தினாள். "பிடிச்சுக்கோப்பா. நகரக் கூடாது. ஒரு காலால ஐஸைச் சுரண்டு." சுரண்டினேன். பிளேடு கவ்விக்கொண்டு நின்றது, நான் பலகையில் தொங்கினேன். "அமுக்காத. சுரண்டுன்னுதான சொன்னேன்!"

அரை மணி நேரம் இதே வேலை. நான் பிளேடைச் சாய்த்துச் சாய்த்து ஐஸில் குத்திக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய்ச் சாய்க்காமல் கிட்டத்தட்ட நிமிர்த்தி வைத்து லேசாக வெளியே தள்ளியபோது, 'ஸ்ஸ்ரக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பிளேடு ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் குவியல், அசல் தேங்காய்த் துருவல். எங்கள் தெரு ஆசாரி இழைப்புளி தள்ளும்போதும் இப்படித்தான். அலகை அதிகம் இறக்கினால் கட்டையில் மாட்டிக்கொள்ளும், அளவாக இறக்கினால் சுருள் சுருளாக வரும். அடுத்த முறை சாணை பிடிக்கும்போது குழியையும் குறைவாகப் போட்டு வாங்கிக்கொண்டேன். பாதி வித்தை அதில்தான் இருந்தது.

அப்புறம் ஸ்னோப்ளோ என்று ஒரு நிறுத்தும் முறை. மெதுவாகப் போய், முட்டியை மடக்கி, கால் நுனி இரண்டும் உள்ளே பார்க்க, குதிகாலை வெளியே தள்ள வேண்டும். என் முட்டி மடங்குகிறது என்று நான் நினைக்கும் அளவும், அது உண்மையில் மடங்கும் அளவும் வேறு வேறு. மகள் எடுத்த வீடியோவில், பஸ்ஸில் சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி விறைப்பாக இருந்தேன். "நாற்காலில உட்கார்ற மாதிரிப்பா." நாற்காலி என்றதும் தலையணை ஞாபகம் வந்தது. ஒரு கூச்சத்தோடு உட்கார்ந்தேன். கீழே இரண்டு பக்கமும் துருவல் சேர்ந்தது. வேகம் குறைந்தது. நின்றேன். யாரையும் பிடிக்காமல், எதன் மேலும் மோதாமல்.

மறுபடி செய்து பார்த்தேன், நின்றேன். பலகைக்கு வெளியே இருந்து அண்ணை கட்டைவிரலை உயர்த்தினார். "கீழ பாக்காதேங்கோ தம்பி, முன்னுக்குப் பாருங்கோ!"

முன்னால் பார்த்தபோது மணி அடித்தது. இந்த முறை அவமானமில்லை. வாசலை நோக்கிப் போனேன், முட்டியை மடக்கினேன், குதிகாலைத் தள்ளினேன், 'ஸ்ஸ்ரக்', அழகாக, அசையாமல் நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசல் இன்னும் பதினைந்து அடி தள்ளி இருந்தது. பழைய வேகம் துளிகூட மிச்சமில்லை. நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்புவது எப்படி என்பது இன்னும் பாடத்தில் வரவில்லை. வாத்து மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடக்க ஆரம்பித்தேன்.

ஸாம்போனி ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டார்.