செவ்வாய் பக்கத்தில் வந்த நாட்கள்

2025 ஜனவரி 4, சனிக்கிழமை

மேற்கே வளர்பிறையை ஒட்டிச் சனி, அதற்குக் கீழே வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட மாடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும் எங்கள் வானியல் மன்றத்தின் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பினோம். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குக் கீழே செவ்வாய் ஏறிக்கொண்டிருந்தது.

6 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 200 மடங்கு உருப்பெருக்கம். முதலில் தெரிவது, கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நடுங்குகிற ஒரு ஆரஞ்சு வட்டம்தான். பகலில் சூடேறிய மாடித் தளம் அந்த நேரத்தில்தான் வெப்பத்தை விடுகிறது. மன்றத்தில் மூத்தவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். அவருக்கு ஒரு விதி உண்டு: ஐபீஸில் கண் வைத்தால் பத்து நிமிஷம் எடுக்கக்கூடாது. காற்று எப்போதாவது ஓரிரு நொடி அடங்கும். அந்த நொடிக்காகத்தான் காத்திருப்பது.

பத்தே கால் வாக்கில் அடங்கியது. வட்டத்தின் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி முக்கோண வடிவத்தில் ஒரு கருந்திட்டு. சிர்ட்டிஸ் மேஜர்! 1659இல் வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்து வைத்த அதே திட்டு. ஒரு காலத்தில் கடல் என்று நம்பினார்கள்; உண்மையில் எரிமலைப் பாறை. மேலே படியும் வெளிர் தூசியைக் காற்று அடித்துக்கொண்டு போவதால் கறுப்பாகத் தெரிகிறது. ஒரு வேற்றுக் கிரகத்தின் நிலப்பரப்பை ஊரப்பாக்கத்து மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறோம் என்பது எனக்கு இன்னும் பழகிப் போகவில்லை. பழகவும் வேண்டாம்.

ஜனவரி 11, சனிக்கிழமை

ஒன்பதரைக்குப் பார்த்தால் போன வாரத்துத் திட்டு நடுவில் இல்லை. செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி 37 நிமிஷம் ஆகிறது. அதனால் தினமும் ஒரே நேரத்துக்குப் பார்த்தாலும் முகம் கொஞ்சம் பின்தங்கியே வரும். ஒரு வாரத்தில் இது நாலு மணி நேரத்துக்கு மேல். கணக்குப்படி ஒன்றேகாலுக்கு நடுவுக்கு வர வேண்டும்.

அதுவரை உட்கார்ந்தோம். பனி கொட்டியது, ஃபைண்டர் (குறி பார்க்கும் சின்னத் தொலைநோக்கி) கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை சில்லிட்டுப் போனது. பன்னிரண்டரைக்கு விளிம்பிலிருந்து வெகுவாக உள்ளே நகர்ந்திருந்தது. ஒன்றேகாலுக்கு நடுவில். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை இப்படிக் கண்ணால் சரிபார்ப்பதில் இருக்கும் சந்தோஷத்துக்கு நிகரில்லை. 1666இல் வானியலாளர் காசினி இந்த முறையில்தான் 24 மணி 40 நிமிஷம் என்று கணக்கிட்டார். மூணு நிமிஷம்தான் வித்தியாசம்!

வடதுருவப் பனித்தொப்பியும் சின்ன வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. செவ்வாயின் வடபாதியில் இப்போது வசந்தம், போகப் போகச் சுருங்கும். டாப்சோனியனில் பிம்பம் தலைகீழ் என்பதால் பொட்டு கீழ்ப்பக்கம். கருவியை மூடும்போது கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 14, பொங்கல்

செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தது நேற்று முன்தினம்: சுமார் 9.6 கோடி கி.மீ. 2003 ஆகஸ்டில் 5.6 கோடி கி.மீ. வரை வந்தது. செவ்வாயின் பாதை நீள்வட்டம். இந்த முறை அது சூரியனை விட்டுத் தள்ளியிருக்கும் பக்கத்தில் நாம் அதைத் தாண்டிப் போகிறோம். அதனால் வானத்தில் தெரியும் விட்டம் இப்போது 14.6 ஆர்க் செகண்ட்தான் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்), 2003இல் 25. ஆனால் நமக்கு வேறொரு லாபம்: சென்னைக்கு நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சி வானத்தில் நிற்கிறது. தடித்த காற்றின் ஊடே பார்க்க வேண்டியதில்லை. அளவை மட்டும் வைத்து 'சுமாரான வருஷம்' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போகிப் புகையில் நேற்று ராத்திரி ஒன்றும் முடியவில்லை. விடியற்காலை மட்டும் மேற்கே முழுநிலவை ஒட்டிச் செவ்வாய்.

ஜனவரி 16, வியாழன்

இன்று எதிர்நிலை: சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே பூமி. சூரியன் மேற்கே இறங்க, செவ்வாய் கிழக்கே ஏறியது. பிரகாசத்தில் சிரியஸுக்குச் சமமாக நின்றது. திருவாதிரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் சிவப்பு, ஆனால் ஒன்று மின்னுகிறது, மற்றொன்று நின்று எரிகிறது.

ஜனவரி 18, சனிக்கிழமை

எலியட்ஸ் கடற்கரையில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சி. 'ஆறு கோள் அணிவகுப்பு' என்று செய்தி பரவியிருந்ததால் நல்ல கூட்டம். வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நாலும் வெறும் கண்ணுக்கே தெரியும். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கருவி வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். சனிக்கும் வியாழனுக்கும் 'ஆ!' என்றவர்கள் செவ்வாய்க்கு வந்து, "இவ்வளவுதானா சார்?" என்றார்கள். அந்த நேரத்தில் நம் பக்கம் இருந்தது அமேசானிஸ் சமவெளியும் தார்சிஸ் எரிமலை மேட்டுநிலமும் உள்ள வெளிறிய முகம். கருந்திட்டே இல்லை.

என் கருத்து இது: பத்து விநாடிப் பார்வைக்குச் செவ்வாயைக் காட்டக்கூடாது. வரிசையில் நிற்கிறவருக்கு நிலவையும் வியாழனையும் காட்டலாம். செவ்வாய்க்குத் தனியாக ஒரு ராத்திரி, நாலே பேர், கையில் பென்சில். அன்று ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி கூட்டம் போன பிறகும் நின்று, "ஒண்ணும் தெரியலைன்னா எதை வரையறது அண்ணா?" என்று கேட்டாள். "தெரிஞ்சதை மட்டும் வரைம்மா" என்றேன். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி வரைந்த கோடுகளை நம்பி எத்தனை பேர் அங்கே இல்லாத கால்வாய்களைத் தேடினார்கள் என்றும் சொன்னேன். வட்டம் போட்டு, துருவத்துப் பொட்டை மட்டும் வைத்துக் கொடுத்தாள். சரியான படம் அதுதான்.

பிப்ரவரி 15, சனிக்கிழமை

அந்தப் பெண் அம்மாவோடு மாடிக்கு வந்திருந்தாள். சார் கற்றுக்கொடுத்த கணக்கைப் போட்டு, ஒன்பதரைக்கு சிர்ட்டிஸ் மேஜர் நடுவில் இருக்கும் என்று நோட்டில் எழுதியிருந்தாள். வட்டம் போன மாதத்தைவிடச் சுருங்கியிருந்தாலும் திட்டு சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இருந்தது. அவள் அம்மா பார்க்க நேரமானது. பார்த்ததும் மகளிடம் நோட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரியில், 13.8 ஆர்க் செகண்ட்தான். பெரிய செவ்வாய்க்கு 2035 செப்டம்பர் வரை பொறுக்க வேண்டும். 2027க்குள் 10 அங்குலத் தொலைநோக்கி ஆடி ஒன்றை நாமே தேய்த்து முடிக்கலாம் என்கிறார் சார். ஆடி தேய்க்கும் கார்போரண்டம் பொடி விசாரிக்க வரும் சனிக்கிழமை பாரிமுனை போகிறோம்.