ஒசாகாவில் குஷிகட்சு, அதிலும் இறால்!

நேற்று ராத்திரிச் சாப்பாடு ஜப்பானின் ஒசாகா நகரில், ஷின்செகாய் பகுதியில். ட்சூதென்காகு கோபுரத்தைச் சுற்றித் தெருவெங்கும் குஷிகட்சு கடைகள்தான். மாட்டிறைச்சி, தாமரைக்கிழங்கு, காடை முட்டை என்று எதையும் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள், ஆனால் எனக்கு இறால்தான் முதலிடம்: வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கடித்தால் மேலே மொறுமொறு, உள்ளே லேசான தித்திப்பு, வாய் சுடச்சுட. கடித்த குச்சியைப் பொதுச் சாஸில் மறுபடி முக்கக் கூடாது, அது இங்கே கண்டிப்பான சட்டம் (கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் சாஸைப் பாட்டிலில் வைத்துவிட்டன, அதுவும் நல்லதுதான்). அப்புறம், கூடவே தரும் பச்சை முட்டைகோஸை ஒதுக்காதீர்கள். அவ்வளவு எண்ணெய்க்கு நடுவே அதைக் கறுக்கென்று கடித்தால்தான் அடுத்த குச்சி இறங்கும்.