பரணில் கிடக்கும் கார்டு

கிரைண்டர் என்றதும் மாவு நினைவுக்கு வர வேண்டாம். வெல்டிங் பட்டறையிலும் டைல்ஸ் வேலையிலும் கையில் பிடித்து ஓட்டுகிற 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரைத்தான் சொல்கிறேன். பல மெஷின்களில் கார்டு, அதாவது வெட்டவும் தேய்க்கவும் சுற்றும் வட்டத் தட்டான வீலைப் பாதி மூடும் பாதுகாப்புக் கவசம், இருக்காது. வாங்கிய முதல் வாரமே கழன்று, அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போயிருக்கும். ஏன் என்று கேட்டால் "மூலைக்குள்ள நுழையாது", "வெட்டுற கோடு தெரியல" என்பார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் வேறு: அந்த மெஷினுக்கு ஆகாத வீலை மாட்ட கார்டு இடம் கொடுக்காது.

இந்த மெஷின் காலியாக ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. 100 மி.மீ. வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. நல்ல கட்டிங் வீல்களில் நொடிக்கு 80 மீட்டர் என்ற உச்ச வேகமும், அதற்குரிய சுற்றும் அச்சிட்டிருக்கும்: 4 அங்குலத்துக்கு 15,300, 5 அங்குலத்துக்கு 12,250, 7 அங்குலத்துக்கு 8,500. பெரிய மெஷினில் தேய்ந்துபோன 7 அங்குல வீலை வாஷர் வைத்துச் சின்ன மெஷினில் மாட்டுவது ஏன் கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வீல் தேய்ந்தாலும் அதன் 8,500 உயராது. துளையும் பொருந்தாது, 4 அங்குல வீலுக்கு 16 மி.மீ., பெரியவற்றுக்கு 22.23 மி.மீ. நடுவில் ஒரு மயிரிழை விலகினாலும் அந்த வேகத்தில் அதிர்ந்தே உடையும். உடைந்த துண்டைத் தடுக்க இருப்பது கார்டு ஒன்றுதான்.

இதைவிட மோசம் மரம் அறுக்கும் பல் பிளேடு. கடையில் 4 அங்குலத்தில் கிடைக்கிறது, மாட்டினால் சுற்றவும் செய்கிறது. ஆனால் மரம் அறுக்கும் வட்ட ரம்பத்துக்கு (சர்க்குலர் சா) அடியில் பலகையில் படியும் தட்டு உண்டு, கிரைண்டருக்குக் கிடையாது. பல் மரத்தில் சிக்கியதும் மொத்த மெஷினும் ஆளை நோக்கித் துள்ளும். தேய்க்கும் வீல் சதையைச் சீவும். பல் பிளேடு அள்ளிக்கொண்டு போகும். மரத்துக்கு ஜிக்சாவோ வட்ட ரம்பமோதான்.

வீலை மாட்டும் முன் நடுவிலுள்ள தகர வளையத்தைப் பாருங்கள். வி 04/2027 என்பதுபோல் காலாவதி மாதம் இருக்கும். வீலின் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பிசின் ஈரத்தில் வலுவிழக்கும். மழையில் நனைந்த வீலைக் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். விளிம்பில் சில்லு போயிருந்தால் குப்பைக்குத்தான். வீலை இறுக்கும் நட்டில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தட்டை. 6 மி.மீ. கிரைண்டிங் வீலுக்கு மேடு வீலுக்குள் இறங்க வேண்டும், 1 மி.மீ. கட்டிங் வீலுக்குத் தட்டைப் பக்கம் வீலைத் தொட வேண்டும். மாற்றிப் போட்டால் மெல்லிய வீல் இறுகாமல் ஆடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம். புது வீலை மாட்டியதும் யாரும் நேரே நிற்காதபடி ஒரு நிமிடம் காலியாக ஓட்டுங்கள்.

கட்டிங் வீலின் பக்கவாட்டால் பிசிறு தேய்ப்பதும் எங்கும் நடக்கிறது. 1 மி.மீ. தடிமன் பக்க அழுத்தத்தைத் தாங்காது. தேய்க்க கிரைண்டிங் வீல். சாய்வு 15 முதல் 30 டிகிரி.

வெட்டும்போது மெஷின் உதைப்பதற்கு வீல் இறுகிப் பிடிபடுவதே முக்கியக் காரணம். பைப்பின் இரு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால், முடியும் நேரத்தில் பைப் தொய்ந்து வெட்டு வாய் மூடி வீலைக் கவ்வும். வெட்டி விழ வேண்டிய துண்டு முட்டுக்கு வெளியே தொங்கட்டும். வெட்டு வாய் தானாக விரியும். காலால் மிதித்துப் பிடிக்காமல் சி கிளாம்ப் போடுங்கள். இரு கைகளும் மெஷினில், பக்கக் கைப்பிடி கட்டாயம், உடம்பு வீலின் நேர்கோட்டுக்கு வெளியே. வெட்டுக்குள் வீலைத் திருகாதீர்கள், அழுத்தாதீர்கள். சிக்கினால் ஸ்விட்சை அணைத்து, சுற்று நின்ற பிறகு வெளியே எடுங்கள்.

கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். தள்ளிப் பூட்டும் ஸ்விட்ச் உள்ள சாதாரண மெஷின், கரண்ட் வந்ததும் தரையில் கிடந்தபடியே ஓடத் தொடங்கும்.

லுங்கி, தோளில் துண்டு, நூல் கையுறை மூன்றும் வீலில் சுற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணுக்கு வெயில் கண்ணாடி போதாது. பக்கமும் மூடிய கண்ணாடி, அதன்மேல் முகக்கவசம். இரும்புத்தூள் விழுந்தால் தேய்க்கவோ துணி நுனியால் எடுக்கவோ கூடாது. கருவிழியில் தைத்த இரும்பு அங்கேயே துருப்பிடித்துக் கறையாகும். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் கண்ணில் இரும்பு பட்டதை மறக்காமல் சொல்லுங்கள். பொறி போகும் வழியில் பெட்ரோல், தின்னர் மட்டுமல்ல, கார் கண்ணாடியும் டைல்ஸும் இருக்கக் கூடாது. அதில் பதிந்த புள்ளி போகாது.

கார்டின் மூடிய பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். மெஷினோடு வருவது பெரும்பாலும் தேய்ப்பதற்கானது. வெட்டுவதற்கு வீலின் இரு பக்கமும் மூடும் கார்டு தனியாக உண்டு. தொலைந்திருந்தால் மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், கார்டு மாட்டும் கழுத்தின் அளவு மாடலுக்கு மாடல் மாறும்.