கைப்பிடி சுட்டது

பாதி ஹால்கூட முடியவில்லை, வாக்யூம் கிளீனர் சட்டென்று நின்றுவிட்டது. கைப்பிடிக்கு மேலே தொட்டால் நல்ல சூடு.

பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் ஃபில்டரைக் கழற்றினேன். மாவு பூசியது போல் ஒரே சாம்பல் நிறப் படலம். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு துளிகூட ஊடுருவவில்லை. விரலால் தட்டினேன், கட்டியாக உதிர்ந்தது.

இதில் பெரும்பாலும் மோட்டாரைக் குளிரவைப்பதே அது உறிஞ்சும் காற்றுதான். பாதை அடைத்தால் சூடு ஏறும். எல்லை தாண்டியதும் தானே நின்றுவிடும்.

பழுது என்று கோபப்பட்டேனே, பாவம், அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எத்தனை வாரமாக இப்படி மூச்சுமுட்ட ஓடியதோ.

பிரஷ் உருளையிலும் முடி கயிறாகச் சுற்றியிருந்தது. அதுவும் பேட்டரிக்குச் சுமை. கத்தரியால் நறுக்கி எடுத்தேன்.

ஃபில்டரை அலசி நிழலில் வைத்திருக்கிறேன். கழுவக்கூடிய வகைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமாவது காயட்டும், ஈரத்தோடு மாட்டினால் மோட்டாருக்கு ஆபத்து.

சூடு ஆறும்வரை சார்ஜும் போடவில்லை. லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும்.

சரி, நாளை மாலை மாட்டிப் பார்க்க வேண்டும்.