தொண்டை வலிக்கு மூணு மாத்திரை

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆனதும் பாளையங்கோட்டைப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது பிள்ளை எச்சில் விழுங்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம்: குற்றாலத்தில் சாரலில் நனைந்தான், ஐஸ் தின்றான், நுங்கு தின்றான். பாவம் நுங்கு. பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை இருமியதில் வந்திருக்கும். குற்றாலம் போய்வந்து தொண்டை கட்டியது என்றால், அருவியை விட, ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே வேனில் நெருக்கியடித்துப் போனதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

வாயைத் திறந்தால் தொண்டையின் இரண்டு பக்கமும் தெரிகிறதே, அந்தச் சதைதான் டான்சில். உள்ளே வருகிற கிருமியை முதலில் எதிர்கொள்வது அது, அதனால் அதுவே சிவந்து வீங்கவும் செய்கிறது. இதில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும், ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? மெடிக்கலில் போய் நின்று, "அண்ணாச்சி, புள்ளைக்குத் தொண்ட வலிக்கு, ஏதாவது குடுங்க" என்றதும் அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. வைரஸாக இருந்தால் அது வீண். பாக்டீரியாவாக இருந்தாலும் முதலில் கொடுக்க வேண்டிய மருந்து அதுவல்ல.

அந்த பாக்டீரியாவின் பெயர் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம்தான் அதன் ஆட்டம் அதிகம். காய்ச்சல், டான்சில் மேல் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற நெறி, கூடவே இருமல் *இல்லாமல்* இருப்பது, இந்த நாலையும்தான் டாக்டர் பார்ப்பார். மூக்கு ஒழுகி, இருமி, குரலும் கம்மியிருந்தால் அநேகமாக வைரஸ். வெள்ளையாகத் தெரிந்தாலே சீழ், சீழ் என்றாலே ஆன்டிபயாடிக் என்று பதறுகிறவர்கள் உண்டு. வைரஸிலும் வெள்ளை படியும். சந்தேகமாக இருந்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். ரிசல்ட்டுக்கு ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் வேறு மருந்து. இந்த 10 நாள் என்றதும் எல்லோருக்கும் சலிப்பு வந்துவிடுகிறது, ஏனென்றால் மூன்றாம் நாளே பிள்ளை தெருவில் ஓடி விளையாட ஆரம்பித்துவிடும், மிச்ச மருந்து ஃபிரிட்ஜில் ஒரு மூலைக்குப் போய்விடும். மருந்து தொண்டைக்கு மட்டுமில்லை, இதயத்துக்கும் சேர்த்துத்தான். ஸ்ட்ரெப்பைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும்: முழங்காலில் வீங்கி, அது வடிந்து கணுக்காலுக்குப் போகும், மூச்சு வாங்கும், இதய வால்வு கெட்டுப்போகும். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு தன் வால்வையே தாக்கிவிடுகிறது. அப்புறம் 3 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, அதுவும் வருஷக்கணக்கில். மற்ற பல நாடுகளில் அபூர்வமாகிப்போன இந்த நோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. நல்ல விஷயம், தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்கூட இதைத் தடுத்துவிடலாம்.

வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கட்டும், சுக்குக் காப்பியில் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் குடிக்கட்டும், வலிக்கு இதமாக இருக்கும். தேன் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடாது. ஆச்சிமார் கழுத்தில் சுண்ணாம்பு தடவுவதைக்கூடத் தோல் வெந்துபோகாத வரை விட்டுவிடலாம். விரலில் உப்பைத் தொட்டு வாய்க்குள் விட்டு டான்சிலை அமுக்கிவிடுகிறவர்களிடம் மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், ரத்தம் வரும், புண்ணாகும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவு வருகிறது, பாட்டிலைப் பார்க்காமல் போன தடவை மாதிரியே ஊற்றாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாமல் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ கொப்பளித்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ பக்கத்தில் எதுவோ, அந்த ராத்திரியே போய்விட வேண்டும்.

டான்சிலை எடுத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷமாக வருஷத்துக்கு 5, அல்லது மூன்று வருஷமாக வருஷத்துக்கு 3 என்று பலமாக வந்தால்தான் டாக்டர்கள் யோசிப்பார்கள். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அது தனிக் கணக்கு. எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் தேவையில்லை, அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்களும் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் தொண்டையில் வெள்ளையாகப் படிவது புண் ஆறுவதற்கான அடையாளம், சீழ் இல்லை. ஒரு வாரம் போல ஆனபிறகு அது உரிகிற சமயத்தில் ரத்தம் வந்தால் மட்டும் கொஞ்சமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐஸ்கிரீம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆச்சி என்ன சொன்னாலும்.