ஞாயிறா, திங்களா

அக்டோபர் 22, 2025, புதன்

பாப்பாவுக்கு டெங்கு பாசிட்டிவ்.

டாக்டர் முதலில் கேட்டதே, "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?" என்றுதான். தீபாவளி அன்று, திங்கள் காலை என்றேன். எண்ணெய்க் குளியல் முடிந்து தலை துவட்டும்போது உடம்பு சுட்டது. அதைத்தான் குறித்துக்கொண்டார். மத்தாப்புப் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

சேர்த்துவிட்டோம். பிளேட்லெட் 96,000. நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். பாப்பா எவ்வளவு குடிக்கிறாள், எவ்வளவு சிறுநீர் போகிறாள் என்று எல்லாம் மில்லி கணக்கில் எழுத வேண்டும். காய்ச்சலை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை.

இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காலத்து அரபு வானியலாளர் அல்-பத்தானி பற்றி எடுத்து வைத்த குறிப்புகளைத் திறந்தேன். கட்டுரைக்கான தேதி முடிந்துவிட்டது. எழுதுவதற்காகத் திறக்கவில்லை, கூட யாராவது இருந்தால் தேவலை போலிருந்தது. 877 முதல் 918 வரை, நாற்பத்தோரு வருடம், இன்றைய சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் ரக்கா என்ற ஊரில் சூரியனின் உயரத்தை அளந்து அளந்து எழுதிவைத்த மனிதர். பிறந்தது ஹர்ரானில்.

3.10: 101.4 டிகிரி. இளநீர் 80 மில்லி.

அக்டோபர் 24, வெள்ளி

61,000. விடிகாலையில் காய்ச்சல் விட்டது. அத்தை வாசல் வரை போய்ப் பிள்ளையாருக்கு ஒரு ரூபாய் முடிந்துவிட்டு வந்தார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் பயப்பட வேண்டிய நாள் என்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறினால் உடனே சொல்லுங்கள் என்றார். அதை யார் எனக்குச் சொல்வார்கள், நான் யாருக்குச் சொல்வது?

பாப்பா மத்தியானம் கண் திறந்து, "அம்மா, ரக்கா தாத்தா கதை சொல்லு" என்றாள். அல்-பத்தானிக்கு அந்தப் பெயர் அவளே வைத்தது.

2019 டிசம்பர் 26, திண்டுக்கல், சூரிய கிரகணத்தில் வளையம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். இருக்காம். அப்போது ஐந்து வயது அவளுக்கு. சூரியன் எப்போதும் ஒரே அளவில்தான் தெரியும் என்று பழைய கிரேக்க வானியலாளர் டாலமி நினைத்திருந்தார். அவர் கணக்குப்படி அப்படி ஒரு வளையம் வரவே வாய்ப்பில்லை. தாத்தாதான் அளந்து பார்த்து, இல்லை, சூரியன் வருடத்துக்குள்ளேயே கொஞ்சம் பெரிதாகவும் சிறிதாகவும் தெரிகிறது, அதனால் சில கிரகணத்தில் நிலாவால் முழுசாக மூட முடியாமல் ஓரத்தில் வளையம் மிஞ்சலாம் என்று கண்டுபிடித்தார். பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 25, சனி

அத்தை இப்போதுதான் சொல்கிறார். "ஞாயித்துக்கிழமை ராத்திரியே என் பக்கத்துல படுத்திருந்தா, உடம்பு கொதிச்சுது. காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சரியாயிடும்னு விட்டுட்டேன்மா."

ஞாயிறு. நான் திங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாக அந்தத் தாளில் தப்பான எண். ஐந்தாம் நாள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆறாம் நாள். ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் அடித்துவிட்டுத் திருத்தினார், பரவாயில்லை, எப்படியும் ரத்தம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அத்தையைத் திட்டவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரவு முழுக்க அந்த ஒரு நாள்தான் மண்டைக்குள். ஆண்டின் நீளத்தை அல்-பத்தானி 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 நொடி என்று சொன்னார். உண்மையைவிட இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் குறைவு. தப்பு அவர் கண்ணில் இல்லை. ஆண்டை அளக்க, இரவும் பகலும் சமமாகும் நாள் இரண்டு வேண்டும், நடுவில் நீண்ட இடைவெளி இருக்க வேண்டும். ஒன்று அவரே ரக்காவில் 882-இல் பார்த்தது. இன்னொன்று 743 வருடத்துக்கு முன்னால், 139-இல் டாலமி எழுதிவைத்தது. டாலமி குறித்த நேரம் ஒரு நாளுக்கும் மேல் பிந்தியது. பெரியவர் எழுதியது என்று அல்-பத்தானி அதை நம்பி எடுத்துக்கொண்டார். தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம், 743-ஆல் வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அப்படியே வந்து நிற்கிறது.

743 வருடத்தில் கரைந்த ஒரு நாள். எனக்கு ஆறே நாளில் ஒரு நாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

38,000.

அக்டோபர் 27, திங்கள்

52,000. ஏறுகிறது. ஏறுகிறது. பிசிவியும் இறங்கியிருக்கிறது. பாப்பா தயிர் சாதம் கேட்டாள், நாலு வாய் சாப்பிட்டாள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மழை விடவில்லை. வானம் பார்த்து எத்தனை நாளாகிறது.

அல்-பத்தானியின் சாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். 929. ரக்காவில் வரிக் கொடுமை. ஊர்க்காரர்கள் முறையிட பாக்தாத் போகிறார்கள், இவரும் கூடப் போகிறார். வயது எழுபது இருக்கும். திரும்பும் வழியில், சாமர்ராவுக்குப் பக்கத்தில், கஸ்ர் அல்-ஜிஸ் என்ற இடத்தில் இறந்துபோனார். நாற்பது வருடம் பெரும்பாலும் ஒரே ஊரில் உட்கார்ந்து ஆண்டை நொடி வரை அளந்தவருக்குச் சொந்த வீட்டில் படுத்துச் சாகக் கொடுத்துவைக்கவில்லை. அந்த முறையீட்டை யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா?

அக்டோபர் 28, செவ்வாய்

91,000. நாளை வீட்டுக்கு.

அத்தையிடம் பேசினேன். காபி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எத்தனை மணி இருக்கும் என்று கேட்டேன். பத்தரை என்றார், நிச்சயமாக. அதையும் எழுதிவைத்துக்கொண்டேன், இனி எதற்கும் உதவாது என்றாலும்.

உதவாது என்று எப்படிச் சொல்வது? அல்-பத்தானி குறித்துவைத்த கிரகணங்கள் நாலு. 883, 891 இரண்டும் ரக்காவில், 901-இல் இரண்டு அந்தியோக்கியா என்ற ஊரில். எண்ணூறு வருடம் கழித்து, 1693-இல், அவர் நூலின் பிழை மலிந்த லத்தீன் அச்சுப் பிரதியை, ஹாலி வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி உட்கார்ந்து திருத்தினார். அந்த நேரங்களைத் தன் காலத்துக் கிரகணங்களோடு ஒப்பிட்டதில்தான், நிலா முன்னைவிட வேகமாக ஓடுகிறதோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. அல்-பத்தானி அதைத் தேடவே இல்லை. பார்த்த நேரத்தைப் பார்த்தபடி எழுதினார்.

அக்டோபர் 29, புதன்

வீடு. சொந்தத் தலையணை. பாப்பா மத்தாப்புப் பெட்டியைப் படுக்கையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறாள்.

இன்று அரை நிலா. நிலாவின் நடுப்பக்கத்தில், கொஞ்சம் தெற்கே, அல்-பத்தானி பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது, நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். மேற்குப் பக்கத்து வீடு டாலமி. வடக்கே, சிறிதாக, ஹாலி. மூன்று பேரும் அக்கம்பக்கம். பாப்பாவிடம் சொன்னதிலிருந்து பைனாகுலரைத் தேடச் சொல்லி உயிரை எடுக்கிறாள். பரணில் இருக்கிறது. மொட்டை மாடி வரை ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

8.40: மேகம்.

9.15: மேகம். 98.4 டிகிரி.

9.50: தென்மேற்கில் கொஞ்சம் விலகுகிறது. அத்தை சால்வை எடுத்துக்கொண்டு