பாய்லருக்கு 15 மி.மீ. குழாய் ஏன் போதாது

பிரிட்டன் வீடுகளில் கேஸ் மீட்டரிலிருந்து பாய்லர் வரை அழுத்த இழப்பு 1 மில்லிபாரைத் தாண்டக்கூடாது. குழாயின் அளவைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான்.

மொத்த உள்ளீடு 33 கிலோவாட் உள்ள காம்பி பாய்லரை (ரேடியேட்டர்களையும் சூடாக்கி, வெந்நீரும் தரும் ஒரே கருவி) எடுத்துக்கொள்வோம். 33-ஐ 3.6-ஆல் பெருக்கி, வாயுவின் வெப்ப மதிப்பான 39-ஆல் (கன மீட்டருக்கு மெகாஜூல்) வகுத்தால், மணிக்குச் சுமார் 3 கன மீட்டர். குழாய் 10 மீட்டர். 6 எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு), ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் சேர்த்தால் 13 மீட்டர். 22 மி.மீ. செம்புக்குழாய் 15 மீட்டர் வரை 3.4 கன மீட்டர் தரும், போதும். 15 மி.மீ. குழாயோ 3 மீட்டரிலேயே 2.9-தான். எல்போக்களை எண்ணாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

அடுப்பும் அதே குழாயிலிருந்து பிரிந்தால், பொதுப் பகுதிக்கு இரண்டின் தேவையையும் கூட்டுங்கள். பெரும்பாலும் 28 மி.மீ. ஆகிவிடும். நீளத்தை மட்டும் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள், மீட்டரிலிருந்து பாய்லர் வரை முழு நீளத்தையும் வைத்தே ஒவ்வொரு பகுதியையும் தேர்ந்தெடுங்கள்.

குழாய் சிறியதென்றால், ரேடியேட்டர் சூடாகும்போது எதுவும் தெரியாது. வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறக்கும்போதுதான் சுடர் அணைந்து பாய்லர் பூட்டிக்கொள்ளும், அதாவது தானாகவே நின்றுவிடும். ஆகவே எல்லாக் கருவிகளும் முழு வேகத்தில் எரியும்போதே மீட்டர், பாய்லர் இரு முனையிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். குறைவை ஈடுகட்ட பாய்லரின் கேஸ் வால்வைத் திருகவே கூடாது. இந்த வேலையைப் பதிவுபெற்ற கேஸ் பொறியாளர் மட்டுமே செய்யலாம்.